அண்ணன், தம்பி, ஒரு முட்டை: அந்த நாவலைப் பற்றி என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வாசிப்புக் குழு மாதம் ஒரு சனிக்கிழமை, வட்டார நூலகம் ஒன்றின் மாடி அறையில் கூடுகிறது. சென்ற கூட்டத்தில் ஒரு குடும்ப நாவலைப் பற்றிப் பேசும் பொறுப்பு என்னுடையது. "ஏமாற்றம்" என்று ஒரு சொல் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து தேக்கா சந்தையில் மீன் வாங்கும்போதும், கல்யாணப் பந்தியில் இலை போட்ட பிறகும் அதே சந்தேகங்கள் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகள் பெரும்பாலும் கேட்டவர்களின் சொற்களிலேயே இருக்கின்றன.

எந்த நாவல் அது? பெயரையே சொல்லாமல் இவ்வளவு பேசுகிறீர்களே?

பெயர் சொல்லப் போவதில்லை. எழுதியவருக்கு இது முதல் நாவல். நம் ஊர்க்காரர். நாம் போகும் கூட்டங்களுக்கு அவரும் வந்து கடைசி வரிசையில் உட்காருகிறார். குழுவில் படித்தவர்களுக்கு எந்த நூல் என்று தெரியும். மற்றவர்களுக்கு, கீழே உள்ள கதைச் சுருக்கம் இந்தப் பக்கத்தைப் பின்தொடரப் போதும். பாத்திரங்களையும் அண்ணன், தம்பி, தங்கை என்றே குறிப்பிடுகிறேன்.

நான் இன்னும் படிக்கவில்லை. கதை என்ன என்று சுருக்கமாகச் சொல்லுங்களேன்.

சிங்கப்பூரின் செம்பவாங்கில் இருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் வேலை பார்க்கும் தொழிலாளி ஒருவருக்கு இரண்டு மகன்கள், ஒரு மகள். மூத்தவன் தமிழ்ப் பள்ளிக்குப் போகிறான், இளையவன் ஆங்கிலப் பள்ளிக்கு. 1967 ஆகஸ்ட் மாதம், பத்தொன்பது வயதில், மூத்தவன் மலேசியாவின் ஜொகூரில் கூலாய்க்கு அருகே ரப்பர் தோட்டத்தில் இருக்கும் தாய்மாமன் வீட்டுக்குப் போகிறான். மாமன் மகளை மணந்து அங்கேயே தங்கிவிடுகிறான். 1971இல் பிரிட்டிஷ் படை வெளியேற, அப்பாவுக்குப் பணிக்கொடை கிடைக்கிறது. குடும்பம் தோ பாயோவில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்கு மாறுகிறது. இளையவன் பல்கலைக்கழகம் போய்க் கணக்காய்வாளர் ஆகிறான். 1974இல் அப்பா இறக்கிறார்.

அதன் பிறகு இருநூறு பக்கங்களுக்குத் தம்பி உயர்ந்துகொண்டே போகிறான், அண்ணன் தேய்ந்துகொண்டே போகிறான். கடைசியில் தம்பி மகளின் திருமணத்தில் இருவரும் சந்திக்கிறார்கள். தழுவிக்கொள்கிறார்கள், அழுகிறார்கள். முற்றும்.

கடற்படைத் தளமா? அங்கே தமிழர்கள் வசித்தார்களா?

இதைக் கேட்டவர் செம்பவாங்கில் புது வீடு வாங்கியிருக்கும் இளைஞர். அவர் தினமும் நடக்கும் தெருக்களின் பெயர்களைப் பார்க்கச் சொன்னேன்: கான்பெரா, மால்ட்டா, ஜிப்ரால்ட்டர், அட்மிரல்டி. எல்லாம் பிரிட்டிஷ் கடற்படை விட்டுச் சென்ற பெயர்கள். கப்பல்களைப் பழுதுபார்க்கும் பெரிய உலர்துறை 1938இல் திறக்கப்பட்டது. மலையாளிகளும் தமிழர்களும் ஆயிரக்கணக்கில் அங்கே வேலை பார்த்து, தளத்தின் குடியிருப்புகளிலேயே வாழ்ந்தார்கள். வயதானவர்கள் இன்றும் "நேவல் பேஸ்" என்றுதான் சொல்வார்கள். ஈசூனில் இன்று பங்குனி உத்திரம் நடக்கும் புனிதமரம் பாலசுப்பிரமணியர் கோயிலின் தொடக்கமும் அந்தக் குடியிருப்பு மக்களோடு சேர்ந்ததுதான்.

1968 ஜனவரியில், 1971 முடிவதற்குள் வெளியேறிவிடுவோம் என்று பிரிட்டன் அறிவித்தது. அதே 1968இல் கப்பல் பட்டறை சிங்கப்பூர் அரசின் கைக்கு வந்தது. வேலை போய்விடும், அதோடு வீடும் போய்விடும் என்ற பயத்தில் மூன்று ஆண்டுகள் வாழ்ந்த குடும்பங்களின் கதை இது. நாவலுக்கு இதைவிடப் பொன்னான களம் கிடைக்காது. என் அப்பாவும் அங்கேதான் வேலை பார்த்தார். ஆகவே எனக்குப் பாரபட்சம் உண்டு என்பதை இப்போதே ஒப்புக்கொள்கிறேன்.

சரி, ஏமாற்றம் என்கிறீர்கள். குறிப்பாக எது?

தமிழில் அண்ணன் தம்பிக்கு இன்னொரு பெயர் இருக்கிறது: பங்காளி. பங்கு கேட்கும் உரிமை உள்ளவன். உறவின் பெயரிலேயே சொத்தை வைத்திருக்கிறோம், அதில் வெட்கம் எதுவும் இல்லை. ஒரே அடுப்பில் வெந்த சோற்றைத் தின்று வளர்ந்த இருவர் பிரிந்தார்கள் என்றால், யாருக்கு எது கிடைத்தது, யார் எதை விட்டுக்கொடுத்தார், யார் விட்டுக்கொடுத்ததாக நினைத்துக்கொண்டார் என்ற மூன்று கேள்விகள் வீட்டில் எங்கோ ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும். நானூறு பக்க நாவலில் இந்த மூன்றையும் யாரும் கேட்பதில்லை.

1971இல் பணிக்கொடை வரும் இடத்தைப் பாருங்கள். "அப்பாவின் பணம் வந்தது" என்று ஒரு வரி. அடுத்த பத்தியில் குடும்பம் தோ பாயோவில் இருக்கிறது. அதற்கடுத்த பத்தியில் தம்பி பல்கலைக்கழகத்தில் இருக்கிறான். வீடு யார் பெயரில் பதிவானது? கட்டணம் எங்கிருந்து வந்தது? கூலாயில் இருந்த மூத்த மகனுக்கு அந்தப் பணத்தில் ஒரு வெள்ளி போனதா? போகவில்லை என்றால் அம்மா என்ன சொல்லிச் சமாளித்தாள்? நாவல் தொடங்கியிருக்க வேண்டிய இடம் இது. ஆசிரியர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடுகிறார்.

முட்டைக் காட்சி என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது என்ன?

நாவலில் எனக்குப் பிடித்த இரண்டு பக்கங்கள். 1959. மூத்தவனுக்குப் பதினொன்று, இளையவனுக்கு ஆறு. வீட்டில் ஒரே ஒரு அவித்த முட்டை. அம்மா கத்தியை எடுப்பதில்லை. கத்தியால் அறுத்தால் மஞ்சள் கரு உதிர்ந்துவிடும். தையல் நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மறு முனையைக் கையில் இழுத்துப் பிடித்து, முட்டையை நடுவில் வைத்து அழுத்துகிறாள். முட்டை இரண்டாக விழுகிறது. ஆனால் மஞ்சள் கரு நடுவில் இல்லை, ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கிறது. ஒரு பாதியில் பெரிய வட்டம், மறு பாதியில் பிறை.

மூத்தவன் பிறையை எடுத்துக்கொள்கிறான். இளையவன் கவனிக்கவில்லை. அம்மா கவனிக்கிறாள், எதுவும் சொல்லவில்லை. அவ்வளவுதான். ஒரு விளக்கவுரை கிடையாது, ஓர் உவமை கிடையாது. இதை எழுதக் கை உள்ளவர் மீதி நாவலை ஏன் அப்படி எழுதினார் என்பதுதான் என் வருத்தம். அந்தப் பிறை பின்னால் ஓரிடத்திலும் திரும்பி வருவதில்லை.

மூத்தவன் தமிழ்ப் பள்ளி, இளையவன் ஆங்கிலப் பள்ளி. அதுதானே அவர்கள் வாழ்க்கையைப் பிரித்தது? அது காலத்தின் கோலம். ஆசிரியரைக் குறை சொல்லி என்ன?

காலத்துக்குப் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆங்கிலம் தெரிந்தவனுக்கு ஒரு கதவு, தெரியாதவனுக்கு வேறு கதவு என்று இருந்த காலம்தான். தமிழ்ப் பள்ளிகளில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்து, 1982இல் கடைசியாக உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளியும் மூடப்பட்டது. இந்தச் செய்தியை நாவல் சரியாகவே தருகிறது. கொஞ்சம் பாடப்புத்தக வாடை, போகட்டும்.

ஆனால் பள்ளியில் சேர்ப்பது காலமா? ஒரு காலை வேளையில் அப்பா ஒரு பையனின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பள்ளிக்குப் போகிறார். ஐந்து ஆண்டுகள் கழித்து இன்னொரு பையனைப் பிடித்துக்கொண்டு வேறு பள்ளிக்குப் போகிறார். நடுவில் அவர் மனத்தை மாற்றியது யார்? உடன் வேலை பார்த்த மலையாளியா, மேற்பார்வையாளர் சொன்ன ஏதோ ஒரு வார்த்தையா, மூத்தவனின் மதிப்பெண்ணா? மூத்தவனுக்கு அது தெரியுமா? என் வகுப்புத் தோழி ஒருத்தி அறுபது வயதுக்குப் பிறகும், "என்னை மட்டும் ஏன் அங்கே சேர்த்தார்?" என்று இறந்துபோன அப்பாவைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். காலத்தின் கோலம் என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும்.

1967இல் ஜொகூருக்குப் போனால் என்ன? பாலத்தைத் தாண்டினால் ஜொகூர். இதை ஏன் பெரிய பிரிவாகக் காட்டுகிறார்?

இன்றைய வார இறுதி நெரிசலில் நிற்பவர்கள் இப்படித்தான் கேட்கிறார்கள். 1965 ஆகஸ்ட் 9 வரை இரண்டும் ஒரே நாடு. பிரிந்த பிறகும் கொஞ்ச காலம் போக்குவரத்து பழையபடியே இருந்தது. 1967இல்தான் இரு பக்கமும் குடிநுழைவுச் சோதனை வந்தது. மூத்தவன் போகும் மாதத்தைப் பாருங்கள்: கதவு சாத்தப்படும் நேரத்தில் போகிறான். தற்செயலோ திட்டமோ, இது நல்ல தேர்வு.

பிறகுதான் கோட்டை விடுகிறார். மலேசியாவில் 1968ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய உரிமம் தேவைப்பட்டது. 1969க்குப் பிறகு தோட்டங்களில் அது பலர் தலையில் இடியாக விழுந்தது. எத்தனையோ குடும்பங்கள் தமிழ்நாட்டுக்குத் திரும்பிப் போயின. சிங்கப்பூரில் பிறந்த நம் மூத்தவன் கூலாய்த் தோட்டத்தில் எந்தச் சிக்கலும் இல்லாமல் பால் வெட்டிக்கொண்டிருக்கிறான். ஒரு தாள் கேட்டு யாரும் அவன் வீட்டுக் கதவைத் தட்டவில்லை. தட்டியிருந்தால்? அவன் தம்பிக்குக் கடிதம் எழுத வேண்டி வந்திருக்கும். தம்பி பதில் எழுதியிருக்க வேண்டும், அல்லது எழுதாமல் விட்டிருக்க வேண்டும். நாவலுக்குத் தேவைப்பட்ட கடிதத்தைச் சட்டமே கொண்டுவந்து கையில் கொடுத்தது. ஆசிரியர் வாங்கிக்கொள்ளவில்லை.

மூத்தவன் தேசிய சேவைக்குப் பயந்து ஓடினான் என்று ஒருவர் கூட்டத்தில் சொன்னாரே. அப்படியா?

கணக்கு ஒத்துவரவில்லை. 1967இல் தேசிய சேவைக்கு, அதாவது கட்டாய ராணுவப் பணிக்கு, முதலில் அழைக்கப்பட்டவர்கள் 1949 ஜனவரி 1க்கும் ஜூன் 30க்கும் இடையே பிறந்தவர்கள். அந்த ஆகஸ்டில் பத்தொன்பது வயது என்றால் அவன் 1948க்குப் பிறகு பிறந்திருக்க முடியாது. சில மாத வித்தியாசத்தில் அந்த வலையில் சிக்காதவன். ஓடியவன் என்ற பழியை அவன்மேல் போட வேண்டாம். நாவலில் அவன் பட்ட பாடு போதும்.

தகவல் பிழைகள் இருக்கின்றன என்றார்கள். எவை?

இரண்டு. 1974இல் அப்பாவின் உடலை மண்டாய் தகனச் சாலைக்குக் கொண்டுபோகிறார்கள். மண்டாய் 1982இல்தான் வந்தது. அன்று போயிருக்க வேண்டிய இடம் மவுண்ட் வெர்னன். இன்னொன்று, 1989இல் தம்பி செம்பவாங் நிலையத்தில் எம்ஆர்டி ஏறுகிறான். செம்பவாங்குக்கு ரயில் 1996இல்தான் வந்தது. ஏழு ஆண்டுகள் நடைமேடையில் காத்திருந்தானோ என்னவோ.

இவற்றை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த பதிப்பில் திருத்திவிடலாம். பணிக்கொடையைப் பற்றிச் சொன்னேனே, அந்த ஓட்டையை அப்படி அடைக்க முடியாது.

அப்பாவுக்குக் கொள்ளி வைத்தது தம்பி. மூத்தவன் உயிரோடு இருக்கும்போது இது எப்படி? பிழையா, வேண்டுமென்றே எழுதியதா?

அதிகம் பேர் கேட்டது இதைத்தான். வழக்கம் எல்லோருக்கும் தெரியும்: அப்பாவுக்கு மூத்தவன், அம்மாவுக்கு இளையவன். கூலாய் ஒன்றும் கடல் கடந்த தேசம் இல்லை. சில மணி நேரம் உடலை வைத்திருந்தால் வந்து சேர்ந்திருப்பான். நாவலில் "தகவல் சொல்லியாகிவிட்டது" என்று ஒரு மாமா சொல்கிறார். அடுத்த வரியில் தம்பி மொட்டைத் தலையோடு நிற்கிறான்.

வேண்டுமென்றே எழுதியது என்று வாதாடியவர்கள், இதுதான் இருவரையும் நிரந்தரமாகப் பிரித்த அவமானம் என்கிறார்கள். எனக்கும் அப்படி நம்ப ஆசைதான். ஆனால் அந்த அவமானத்தைப் பட்டவன் ஒருமுறையாவது அதை நினைக்க வேண்டாமா? கல்யாண மண்டபத்தில் தழுவிக்கொள்ளும்போது அவன் பார்வை ஒரு நொடியாவது தம்பியின் கைக்குப் போக வேண்டாமா? நம் வீடுகளில் இது முப்பது ஆண்டுச் சண்டை. இறந்த அப்பாவையே எழுப்பி நியாயம் கேட்பார்கள். இங்கே யாருக்கும் உறுத்தவில்லை. ஆகவே, தெரியாமல் எழுதியது என்றே முடிவு செய்கிறேன்.

தங்கையைப் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை?

நாவலாசிரியரே பேசவில்லை. மூன்று இடங்களில் வருகிறாள். ஒன்றில் தண்ணீர் கொண்டுவருகிறாள், ஒன்றில் அழுகிறாள், ஒன்றில் கல்யாணமாகிப் போகிறாள்.

முட்டைக் காட்சியை இன்னொரு முறை படியுங்கள். வீட்டில் பிள்ளைகள் மூன்று, முட்டைத் துண்டு இரண்டு. அவளுக்கு அப்போது நான்கு வயது. அவள் தட்டில் என்ன விழுந்தது? நான் இரண்டு அண்ணன்களோடு பிறந்தவள், எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் முட்டை அறுத்த நூலை அம்மா என்னிடம் நீட்டுவார். அதில் ஒட்டியிருக்கும் மஞ்சள் கருவை உருவித் தின்பேன். அது என் பங்கு. பல காலம் அதைச் சலுகை என்றே நினைத்திருந்தேன்.

உண்மை வாழ்க்கையில் அண்ணன் தம்பிகள் சண்டையே போடாமல்தான் விலகிப் போகிறார்கள். அதைத்தானே அவர் எழுதியிருக்கிறார்? நீங்கள் நாடகம் எதிர்பார்க்கிறீர்கள்.

மடக்கிவிட்டதாக நினைத்துக் கேட்டவருக்கு என் வணக்கம். நல்ல கேள்வி. பட்டிமன்றங்களில் எத்தனையோ முறை கேட்ட கும்பகர்ணன், வீடணன் கதையில் இருவரும் களத்தில் நேருக்கு நேர் நின்று பேசுகிறார்கள். ஒருவர் கூப்பிடுகிறார், மற்றவர் வர மறுக்கிறார். எல்லாக் குடும்பத்துக்கும் அப்படி ஒரு களம் வாய்க்காது, ஒத்துக்கொள்கிறேன்.

என் அண்ணன்கள் எட்டு ஆண்டுகள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. காரணம் ஒரு ஃபிரிட்ஜ். அம்மா பெரியண்ணன் வீட்டிலிருந்து சின்னண்ணன் வீட்டுக்குக் குடிமாறியபோது, தன் சேமிப்பில் வாங்கிய ஃபிரிட்ஜையும் கூட எடுத்துப்போனார். யாரும் குரல் உயர்த்தவில்லை. பெரியண்ணன் தானே லாரிக்கு ஏற்பாடு செய்தார். அதன் பிறகு அம்மாவைப் பார்க்க வரும்போதெல்லாம், எவ்வளவு வெயிலில் வந்திருந்தாலும், அந்த வீட்டில் அவர் குளிர்ந்த தண்ணீர் குடித்ததில்லை. சின்ன அண்ணி கிளாஸை நீட்டுவார். "இருக்கட்டும்மா, குழாய்த் தண்ணீர் போதும்" என்பார். சின்னண்ணன் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

சண்டை இல்லைதான். ஆனால் அந்தக் கிளாஸ் இருந்தது. நான் நாவலில் தேடியதும் அதைத்தான். அது வராமல் "காலப்போக்கில் இருவருக்கும் இடையே இடைவெளி வளர்ந்தது" என்று எழுதினால், வளர்ந்தது என்பதற்கு ஆசிரியரின் வாய்ச்சொல்தான் சாட்சி.

பண விஷயம், பங்கு விஷயம் என்றே பேசுகிறீர்களே, பாசம் என்று ஒன்று இல்லையா?

"தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு" என்று சொன்னவர்கள் பாசம் தெரியாதவர்களா? பிறையை எடுத்துக்கொண்ட மூத்தவனின் பாசம் முழுக்க அந்தப் பங்கில்தான் தெரிகிறது.

கடைசிக் காட்சியைப் படித்து நான் அழுதேன். அது தவறா?

இல்லவே இல்லை. எனக்கும் கண் கலங்கியது. தானாடாவிட்டாலும் தசை ஆடும். நாதஸ்வரம், வயதான இரண்டு ஆண்கள், நடுங்கும் கைகள் என்றால் யாருக்குத்தான் கலங்காது? நாவலைப் படிக்காத என் பக்கத்து வீட்டுக்காரருக்குக் காட்சியைச் சொன்னேன், அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதனால்தான் அந்தக் கண்ணீரை நாவலின் கணக்கில் வரவு வைக்கத் தயங்குகிறேன்.

அப்படியானால் வாங்க வேண்டாமா?

நூலகத்தில் எடுத்துப் படியுங்கள். முதல் எண்பது பக்கங்கள் வீண் போகாது.

ஆசிரியரிடம் நேரில் கேட்டீர்களா, இல்லை முதுகுக்குப் பின்னால்தான் பேசுகிறீர்களா?

கேட்டேன். கூட்டத்துக்கே வந்திருந்தார். முடிந்ததும் எதிர்ப்புறக் காப்பிக்கடையில் ஐந்தாறு பேர் உட்கார்ந்தோம். அவர் தே ஓ, அதாவது பால் இல்லாத தேநீர், வாங்கிக்கொண்டார், குடிக்கவில்லை. பணிக்கொடை எங்கே போனது என்று நேராகவே கேட்டேன். கரண்டியைச் சுற்றிக்கொண்டே இருந்தார். பிறகு, அதைப் பற்றி நாற்பது பக்கம் எழுதியிருந்ததாகவும், அச்சுக்குப் போகும் முன் எடுத்துவிட்டதாகவும் சொன்னார். அவருடைய பெரியப்பா ஜொகூரில் இன்னும் இருக்கிறாராம். தமிழ்தான் படிப்பாராம்.

மேற்கொண்டு என்ன கேட்பது? மேசையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்பாவின் பெயரையும் பெரியப்பாவின் பெயரையும் வைத்துக்கொண்டு நம்மில் யார் அந்த நாற்பது பக்கத்தை அச்சிட்டிருப்போம்? நான் என் அண்ணன்களின் ஃபிரிட்ஜை இங்கே எழுதியதே, இருவரும் இப்போது இல்லை என்பதால்தான்.

கிளம்பும்போது, அந்தப் பக்கங்களைக் கிழித்துவிட்டீர்களா என்று மட்டும் கேட்டேன். இல்லை, வீட்டில் இருக்கின்றன என்றார்.